ரீமேப் செய்த டர்போ காரில் பூஸ்ட் ஏன் தாமதமாக வருகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் இருப்பது 2005 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ். 1.8 லிட்டர், சிலிண்டருக்கு 5 வால்வு, கே03 டர்போ, கம்பெனியிலிருந்து வரும்போது 150 குதிரைத்திறன். ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றி எழுதுவது), பெரிய டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாய்), முன்பக்க இன்டர்கூலர் (டர்போ அமுக்கிய காற்றைக் குளிர்விப்பது) எல்லாம் போட்டு கோயம்புத்தூரில் ஓட்டுகிறேன். ஒரு சமயம் 2,300 ஆர்பிஎம்மில் வந்துகொண்டிருந்த இழுவை கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போய் 3,400-க்கு வந்து நின்றது. ஒரு பட்டறையில் டர்போ போய்விட்டது என்றார்கள். நம்பி மாற்றினேன், ஒரு வித்தியாசமும் இல்லை. கடைசியில் பார்த்தால் இன்டேக் மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்த் தொகுதி) அடியில் போகும், எஞ்சினுக்குள் சேரும் ஆவியை எடுத்துச்செல்லும் விரல் தடிமன் பிரீதர் ஹோஸில், கண்ணுக்குத் தெரியாத கீழ்ப்பக்கத்தில் ஒரு வெடிப்பு. டர்போ விலையோடு ஒப்பிட்டால் அந்த ஹோஸ் ஒன்றுமே இல்லை. அன்றிலிருந்து இதே பிரச்சினையோடு வருகிற நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

டர்போ என்றாலே லேக் இருக்கத்தானே செய்யும்? இதைப் பிரச்சினை என்று எப்படிச் சொல்வது?

இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். டர்போவைச் சுழற்றுவது எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வேகமும் சூடும்தான், அது போதாத ஆர்பிஎம்மில் நீங்கள் ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்தினாலும் பூஸ்ட் (டர்போ அமுக்கித் தரும் கூடுதல் காற்றழுத்தம்) வராது. அந்த எல்லைக்குப் பூஸ்ட் த்ரெஷோல்டு என்று பெயர். பழைய மாருதி ஸ்விஃப்ட் டீசல் ஓட்டியவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், 2,000-க்குக் கீழே தூங்கும், தாண்டினால் பாயும். லேக் என்பது வேறு: எல்லையைத் தாண்டிய ஆர்பிஎம்மில் இருக்கும்போது, மிதித்ததற்கும் பூஸ்ட் வருவதற்கும் நடுவில் ஆகும் நேரம்.

இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை. முன்பு 2,300-இல் வந்தது இப்போது 3,400-இல் வருகிறது என்றால் காற்றுக் கசிவு, வேஸ்ட்கேட் (புகையைத் திருப்பிவிடும் கதவு, விவரம் கீழே), எக்ஸாஸ்ட் என்று தேட வேண்டும். அதே ஆர்பிஎம்மில்தான் வருகிறது, ஆனால் கியர் மாற்றிய பிறகு மட்டும் ஒரு நொடி செத்துக் கிடக்கிறது என்றால் டைவர்ட்டர் வால்வு (காலை எடுக்கும்போது மிச்சக் காற்றழுத்தத்தை விட்டுவிடும் வால்வு) பக்கம் போக வேண்டும். உங்கள் கார் நன்றாக இருந்த காலத்தில் எந்த ஆர்பிஎம்மில் முழு பூஸ்ட் வந்தது என்பது தெரியாவிட்டால், அதே எஞ்சின், அதே டர்போ இருக்கும் வேறொரு காரில் ஏறிப் பாருங்கள்.

எங்கிருந்து ஆரம்பிப்பது? முதலில் எந்தப் பார்ட்டை மாற்றலாம்?

எதையும் மாற்றாதீர்கள். முதலில் லாக் எடுங்கள், அதாவது ஓடும்போது சென்சார்கள் காட்டும் எண்களைப் பதிவு செய்யுங்கள். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வண்டிகளுக்கு விசிடிஎஸ் அல்லது ஓபிடிலெவன் என்ற ஸ்கேனர் இருந்தால் போதும். மலிவான ப்ளூடூத் ஓபிடி கருவியும் ஓரளவு உதவும், ஆனால் நிறைய சென்சார்களை ஒரே நேரத்தில் கேட்டால் திணறும், நொடிக்கு ஒரு வரிதான் கிடைக்கும், டர்போ ஏறுவதோ அதைவிட வேகமாக நடக்கிற காரியம். அதனால் நான்கைந்து மதிப்புகளுக்கு மேல் எடுக்காதீர்கள்: ஆர்பிஎம், எஞ்சின் கேட்கும் பூஸ்ட், உண்மையில் வரும் பூஸ்ட், வேஸ்ட்கேட் டியூட்டி (வேஸ்ட்கேட்டை மூடி வைக்க எஞ்சின் கம்ப்யூட்டர் கொடுக்கும் கட்டளை, சதவீதத்தில்), த்ராட்டில் (காற்று நுழையும் கதவு) கோணம். என் எஞ்சினில் ஸ்கேனர் காட்டும் 115-ஆம் பிளாக்கில் (அளவீட்டுத் தொகுப்பு) கேட்கும் பூஸ்ட்டும் வரும் பூஸ்ட்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், 118-இல் டியூட்டி கிடைக்கும், 020-இல் ஒவ்வொரு சிலிண்டருக்கும் எவ்வளவு டைமிங் (தீப்பொறி விடும் நேரம்) பின்வாங்கியிருக்கிறது என்று தெரியும்.

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, மூன்றாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மிலிருந்து ஒரே மிதி. முதல் கியரில் எடுக்காதீர்கள், லோடு போதாமல் ஆர்பிஎம் ஓடிவிடும், டர்போ ஏறுவதற்குள் கட்-ஆஃப் வந்துவிடும். பூஸ்ட் தாமதத்தைக் கண்டுபிடிக்க 4,000 வரை போனால் போதும். மூன்றாவது கியரில் அது என் காரில் 90 கிமீ வேகத்தைக்கூடத் தொடாது. எனவே பைபாஸில் 150-இல் பறக்க வேண்டிய அவசியமே இல்லை.

லாக் எடுத்துவிட்டேன். அதில் என்ன பார்க்க வேண்டும்?

கேட்பதும் வருவதும் எங்கே பிரிகின்றன என்று பாருங்கள், அப்புறம் அந்த இடத்தில் டியூட்டி எவ்வளவு என்று பாருங்கள். பாதி விடை அங்கேயே வந்துவிடும்.

எஞ்சின் பூஸ்ட் கேட்கிறது, டியூட்டியை 95 சதவீதத்தில் வைத்து வேஸ்ட்கேட்டை மூடவும் சொல்லிவிட்டது, ஆனாலும் 3,000 தாண்டிய பிறகும் அழுத்தம் ஏறவில்லை. அப்படியென்றால் ஈசியு (எஞ்சின் கம்ப்யூட்டர்) தன் வேலையைச் செய்துவிட்டது, கோளாறு இரும்பிலும் ரப்பரிலும்தான்: கசிவு, மூடாத வேஸ்ட்கேட், அடைத்த எக்ஸாஸ்ட், கடைசியாக டர்போ. பி0299 என்ற பிழைக் குறியீடு (கோடு) வந்திருந்தால் அது சொல்வதும் இதைத்தான், கேட்ட பூஸ்ட் வரவில்லை என்று. டர்போ கெட்டுவிட்டது என்று அந்தக் கோடு எங்கேயும் சொல்லவில்லை.

கேட்பதே குறைவாக இருந்தால் கதை வேறு. நீங்கள் முழுதாக மிதித்தும் த்ராட்டில் பாதிதான் திறந்திருக்கிறது, அல்லது கேட்கும் பூஸ்ட் மெதுவாக ஏறுகிறது என்றால் ஈசியுவே வேண்டுமென்று பிடித்து வைக்கிறது. உள்ளே வரும் காற்று அதிகச் சூடு, டார்க் (முறுக்குவிசை) வரம்பு, நாக் (பெட்ரோல் நேரந்தப்பி வெடிப்பது), தவறாகச் சொல்லும் சென்சார், அல்லது ட்யூனே அப்படி எழுதப்பட்டிருக்கிறது. எக்ஸ்பி95, எக்ஸ்பி100 மாதிரி உயர் ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதிய மேப்பில் சாதாரண பெட்ரோலை ஊற்றி ஓட்டினால் நாக் சென்சார் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும், ஓட்டுபவருக்கு அது பூஸ்ட் வராத மாதிரியேதான் இருக்கும். 020-ஐப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

எம்ஏஎஃப் சென்சார் (உள்ளே வரும் காற்றை அளப்பது) உள்ள வண்டியில் இன்னொரு கணக்கு உண்டு. நொடிக்கு எத்தனை கிராம் காற்று என்று காட்டுவதை 0.8-ஆல் வகுத்தால் குதிரைத்திறன் தோராயமாகக் கிடைக்கும். 150 குதிரைத்திறன் எஞ்சினுக்கு உச்சத்தில் 120 கிராம் வர வேண்டும். பூஸ்ட் சரியாக இருந்தும் இந்த எண் மிகவும் குறைவு என்றால் சென்சார் அழுக்காக இருக்கலாம், எண்ணெய் பூசும் காட்டன் ஃபில்டர் போட்டவர்களுக்கு இது நிறையவே நடக்கிறது.

கசிவு இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா? பட்டறையில் ஸ்மோக் டெஸ்ட் செய்து எல்லாம் சரி என்று சொல்லிவிட்டார்களே?

முடியும், செய்தே ஆக வேண்டும். மாடிஃபை செய்த கார்களில் நான் பார்த்தவரை பூஸ்ட் தாமதத்துக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், ஏனென்றால் ஒவ்வொரு பார்ட் மாற்றும்போதும் இரண்டு ஹோஸைக் கழற்றி மாட்டியிருக்கிறோம், கம்பெனி கிளாம்ப் போன இடத்தில் ஹார்டுவேர் கடை கிளாம்ப் வந்திருக்கிறது, கம்பெனி 0.6 பாருக்குச் செய்த ரப்பரில் இப்போது ஒரு பாருக்கு மேல் போகிறது.

ஸ்மோக் டெஸ்ட் மிகக் குறைந்த அழுத்தத்தில் புகையை விட்டுப் பார்ப்பது. ஐடிலில் காற்றை உள்ளிழுக்கும் ஓட்டைகளை அது நன்றாகக் காட்டிக்கொடுக்கும். ஆனால் ரப்பர் ஹோஸில் உள்ள வெடிப்பு உதடு மாதிரி மூடியிருக்கும், உள்ளே அரை பார் அழுத்தம் வந்த பிறகுதான் விரியும். என் கார் இரண்டு முறை ஸ்மோக் டெஸ்ட்டில் பாஸ் ஆனது இப்படித்தான். எனவே பிரஷர் டெஸ்ட்.

டர்போவுக்கு முன்னால் ஏர் ஃபில்டர் பக்கத்து ஹோஸைக் கழற்றுங்கள். அந்த வாய்க்குப் பொருந்துகிற பிவிசி எண்ட் கேப் ஒன்றை பிளம்பிங் கடையில் வாங்கி, நடுவில் துளை போட்டு ட்யூப்லெஸ் டயர் வால்வு ஒன்றைச் செருகுங்கள். அதை ஹோஸில் கிளாம்ப் போட்டு இறுக்கி, கம்ப்ரஸரிலிருந்து ரெகுலேட்டர் வழியாக மெதுவாகக் காற்று ஏற்றுங்கள். முதலில் 0.3 பார், காது கொடுத்துக் கேளுங்கள், அப்புறம் 0.7, அப்புறம் நீங்கள் ஓட்டும் பூஸ்ட் அளவு வரை, அதற்கு மேல் வேண்டாம். கேப்புக்கு நேர் எதிரே முகத்தை வைக்காதீர்கள், கழன்றால் தோட்டா மாதிரி வரும். இன்னொன்று, டர்போ இன்லெட் பைப்பில் வந்து சேரும் பிரீதர் ஹோஸைத் தனியாக அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் காற்று முழுதும் கிராங்க்கேஸுக்குள் போய் ஆயில் சீல்களைத் தள்ளிவிடும்.

சோப்புத் தண்ணீர் ஸ்பிரே செய்தால் குமிழி வரும் இடம் கசியும் இடம். இன்டர்கூலரின் இரண்டு ஓரங்கள், த்ராட்டில் பாடிக்கு முன்னாலுள்ள ஹோஸ், மேனிஃபோல்டுக்கு அடியில் போகும் சின்னச் சின்ன ஹோஸ்கள், பிசிவி செக் வால்வு (பிரீதர் வழியில் உள்ள ஒருவழி வால்வு), எதையும் விடாதீர்கள், கண்ணாடி ஒன்றை அடியில் பிடித்துப் பாருங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போதே செய்தால் ரப்பர் இளகியிருக்கும், உண்மை நிலவரம் தெரியும். திறந்திருக்கும் வால்வுகள் வழியாக சைலன்சர் பக்கம் லேசாக உஸ் என்று கேட்கும், அது சகஜம். கிராங்க்கை ஸ்பேனர் போட்டுக் கொஞ்சம் திருப்பினால் அந்தச் சத்தம் மாறும், கசிவின் சத்தம் மாறாது.

எம்ஏஎஃப் வண்டியில் இந்தக் கசிவுக்கு வேறு அறிகுறியும் உண்டு. அளந்த காற்று வழியிலேயே வெளியே போய்விடுவதால் பூஸ்ட்டில் பெட்ரோல் அதிகமாகும், சைலன்சரில் கறுப்புப் புகை. ஐடிலில் அதே ஓட்டை வழியாக அளக்காத காற்று உள்ளே வருவதால் பெட்ரோல் குறைவாகும், பி0171 கோடு வரும். இரண்டும் சேர்ந்து வந்தால் வேறு எதையும் தேடாமல் நேராகப் பிரஷர் டெஸ்ட்டுக்குப் போய்விடுங்கள்.

ப்ளோ-ஆஃப் வால்வு (டைவர்ட்டர் வால்வுக்குப் பதிலாகக் காற்றை வெளியே விடுவது) போட்ட பிறகுதான் மந்தமானது. சத்தம் நன்றாக வருகிறது, அப்படியென்றால் அது வேலை செய்கிறதுதானே?

சத்தம் வருவது காலை எடுக்கும்போது அது திறக்கிறது என்பதற்கு அடையாளம். மிதிக்கும்போது மூடியிருக்கிறதா என்பதல்லவா நமக்கு வேண்டியது. ஸ்பிரிங் பலம் குறைவாக இருந்தால் பூஸ்ட் ஏறும்போதே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து காற்றை விட்டுவிடும். ஸ்பிரிங் அளவுக்கு மீறி பலமாக இருந்தாலும் தொந்தரவு, கியர் மாற்றும்போது அழுத்தம் திரும்பி கம்ப்ரஸரையே முட்டி நிறுத்தும், அடுத்த கியரில் மறுபடி முதலிலிருந்து சுற்ற வேண்டும். எம்ஏஎஃப் உள்ள காரில் காற்றை வெளியே விடும் வால்வே தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. கம்பெனி வைத்த மாதிரி மறுசுழற்சி (டைவர்ட்டர்) வால்வைத் திரும்ப மாட்டி ஒருநாள் ஓட்டிப் பாருங்கள். கம்பெனி வால்விலும் உள்ளே இருக்கும் டயாஃப்ரம் கிழியும். அதன் வேக்யூம் குழாயில் வாயை வைத்து உறிஞ்சி நாக்கால் அடைத்தால் பிடித்து நிற்க வேண்டும், நிற்காவிட்டால் கிழிந்துவிட்டது.

வேஸ்ட்கேட் மூடவில்லை என்பதை எப்படி உறுதி செய்வது?

வேஸ்ட்கேட் என்பது டர்பைனைத் தொடாமல் புகை தப்பிப்போக ஒரு கதவு. அது ஒரு மில்லிமீட்டர் திறந்தே இருந்தாலும் கீழ் ஆர்பிஎம்மில் உள்ள கொஞ்சநஞ்சப் புகையும் அந்த வழியாகவே போய்விடும். அந்தக் கதவை அசைக்கும் ஆக்சுவேட்டருக்குக் கைப்பம்பால் காற்றுக் கொடுத்து எந்த அழுத்தத்தில் தண்டு அசைகிறது என்று பாருங்கள். கை வைத்ததுமே அசைந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, அல்லது தண்டின் நீளம் தவறு. தண்டை ஆர்மிலிருந்து கழற்றி ஆர்மைக் கையால் ஆட்டுங்கள், நிறைய ஆட்டம் இருந்தால் உள்ளே புஷ் தேய்ந்து கதவு நேராக உட்காரவில்லை. எலக்ட்ரிக் ஆக்சுவேட்டர் உள்ள புதிய எஞ்சின்களில் இதைக் கையால் செய்ய வேண்டாம், ஸ்கேனரில் அடாப்டேஷன் ஓடவிட்டுப் பாருங்கள்.

வேஸ்ட்கேட்டைக் கட்டுப்படுத்தும் என்75 வால்வில் உள்ள மூன்று குழாய்களை இடம் மாற்றி மாட்டியிருப்பதும் அடிக்கடி நடக்கும். பூஸ்ட் அரை பார் அளவிலேயே நின்றுவிட்டது, ஆனால் சீராக இருக்கிறது என்றால் வேஸ்ட்கேட் ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் மட்டும் கார் ஓடுகிறது. முதலில் இந்தக் குழாய்களையும் அதன் ஒயரையும் பாருங்கள்.

பெரிய இன்டர்கூலர் போட்டதால் லேக் வந்திருக்குமா?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். புதிய இன்டர்கூலரும் பைப்பும் சேர்ந்து 5 லிட்டர் கொள்ளளவு கூடியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பார் ஏற்ற 5 லிட்டர் வெளிக்காற்று கூடுதலாக வேண்டும். 1.8 லிட்டர் எஞ்சின் 3,000 ஆர்பிஎம்மில் பூஸ்ட் இல்லாமலேயே நொடிக்குச் சுமார் 45 லிட்டர் குடிக்கிறது. அதாவது கூடுதல் தாமதம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு. ஆயிரம் ஆர்பிஎம் தள்ளிப்போனதற்கு இது காரணமே இல்லை. ஆனால் இன்டர்கூலர் மாற்றும்போது கழற்றிய நான்கு ஜாயிண்ட்டுகள் காரணமாக இருக்கலாம்.

எக்ஸாஸ்ட் பக்கம் என்ன பார்ப்பது?

டர்போவுக்கு முன்னால் கசிவு, டர்போவுக்குப் பின்னால் அடைப்பு. மேனிஃபோல்டில் விரிசலோ கேஸ்கெட் கசிவோ இருந்தால் காலையில் குளிர்ந்த எஞ்சினில் டிக் டிக் என்று கேட்கும், சூடானதும் இரும்பு விரிந்து சத்தம் குறையும், அந்த இடத்தில் கரி படிந்திருக்கும். பின்னால் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்திகரிப்பது) உருகி அடைத்திருந்தால் முன்பக்க ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அங்கே பிரஷர் கேஜ் போட்டால் தெரியும். ஐடிலில் ஒரு பிஎஸ்ஐ-ஐத் தாண்டினால் சந்தேகப்படுங்கள். அடைத்த கன்வெர்ட்டருக்குப் பதில் நல்ல கன்வெர்ட்டர் போடுங்கள், வெறும் பைப் போடாதீர்கள். அந்தப் புகையைப் பின்னால் பைக்கில் வருகிறவர்தான் சுவாசிக்கிறார்.

பெரிய டர்போ போட்டேன். 4,000-க்கு மேல்தான் எழுந்திருக்கிறது. இதுவும் கோளாறா?

கோளாறு இல்லாமலும் இருக்கலாம். டர்பைன் ஹவுசிங்கின் ஏ/ஆர் எண் (புகை போகும் வழியின் அளவைக் குறிப்பது) பெரிதாகப் பெரிதாக மேலே மூச்சு தாராளமாக இருக்கும், கீழே சோம்பல் கூடும். ஒரே டர்போவில் 0.63-க்கும் 0.82-க்கும் நடுவிலேயே சில நூறு ஆர்பிஎம் வித்தியாசத்தை உணரலாம். ஊருக்குள் ஓட்டும் காருக்கு 350 குதிரைத்திறன் கொடுக்கும் டர்போவை வாங்கிவிட்டு 2,000-இல் இழுக்கவில்லை என்றால் எந்த ட்யூனராலும் அதைச் சரிசெய்ய முடியாது. அதே செட்டப் உள்ள வேறொருவரின் டைனோ (எஞ்சின் திறனை அளக்கும் கருவி) வரைபடத்தை வாங்கி உங்களுடையதோடு வைத்துப் பாருங்கள்.

ஊட்டிக்குப் போனால் மட்டும் மந்தமாக இருக்கிறதே?

அது இயற்கை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், அங்கே காற்றழுத்தம் சென்னையைவிட ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைவு, 1,013-க்குப் பதில் 770 மில்லிபார் அளவில்தான் இருக்கும். என் எஞ்சின் கேட்பது வெளிக்காற்றோடு சேர்ந்த மொத்த அழுத்தத்தை. 1,600 மில்லிபார் கேட்டால் சென்னையில் டர்போ காற்றை 1.6 மடங்கு அமுக்கினால் போதும், ஊட்டியில் 2.1 மடங்கு அமுக்க வேண்டும், அதைச் சுழற்றும் புகையும் அங்கே குறைவு. கீழே இறங்கி மேட்டுப்பாளையம் வந்ததும் சரியாகிவிட்டால் நிம்மதியாக இருங்கள்.

டைமிங் பெல்ட் மாற்றிய பிறகு பூஸ்ட் தாமதம். சம்பந்தம் உண்டா?

நிச்சயமாக உண்டு. பெல்ட் ஒரு பல் தள்ளி உட்கார்ந்தாலும் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும், ஓடும், ஆனால் கீழே உயிர் இருக்காது. கவரைத் திறந்து மார்க்குகளைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியே கம்ப்ரஷனும் பார்த்துவிடுங்கள், எஞ்சினே பலவீனமாக இருந்தால் டர்போவைச் சுழற்ற ஆள் இல்லை.

என்னுடையது டீசல். இதெல்லாம் பொருந்துமா?

கசிவுக்கான பகுதி முழுதும் பொருந்தும். விஜிடி டர்போ (இறக்கைகளின் கோணம் மாறும் வகை) உள்ள டீசலில் வேஸ்ட்கேட்டுக்குப் பதிலாகக் கரி படிந்து இறுகிப்போன இறக்கைகளைச் சந்தேகப்படுங்கள், அதை இயக்கும் வேக்யூம் குழாய்களையும் பாருங்கள். இஜிஆர் வால்வு (புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் விடுவது) மூடாமல் நின்றாலும் இதே அறிகுறிதான்.

சரி, எப்போதுதான் டர்போவைச் சந்தேகப்படலாம்?

மேலே சொன்ன எல்லாம் சுத்தம் என்று தெரிந்த பிறகு. இன்லெட் ஹோஸைக் கழற்றி விரலால் ஷாஃப்ட்டை ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருக்கும், அது ஆயில் படலத்துக்கான இடைவெளி. முன்னும் பின்னும் ஆட்டம் தெரிந்தாலோ, இறக்கை ஹவுசிங்கில் உரசிய தடம் இருந்தாலோ, நுனி சிதைந்திருந்தாலோ, கையால் சுற்றும்போது கடினமாக இருந்தாலோ டர்போவைக் கழற்றலாம். கழற்றினால் ஆயில் ஃபீட் பைப்பையும் கண்டிப்பாக மாற்றுங்கள். 1.8 டர்போவில் அதற்குள் ஆயில் கரியாகி அடைப்பது தெரிந்த வியாதி, பழைய பைப்போடு புது டர்போ போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும்.

ட்யூனரிடம் போகும்போது என்ன கொண்டுபோவது?

பிரஷர் டெஸ்ட் முடித்த கார், பழைய லாக், புதிய லாக், எந்த பெட்ரோல் ஊற்றுகிறீர்கள், எந்தெந்தப் பார்ட்டை எப்போது மாற்றினீர்கள் என்ற குறிப்பு. இவை இல்லாமல் ரீமேப்பை மாற்றச் சொல்லாதீர்கள். கசிவு உள்ள காரில் பூஸ்ட்டைக் கூட்டி எழுதினால் டர்போ தன் எல்லையைத் தாண்டிச் சுற்றித்தான் அந்த எண்ணைக் கொடுக்கும். மேல் ஆர்பிஎம் வரை முழு மிதி தேவைப்படுகிற சோதனைகளை டைனோவில் செய்யுங்கள், அல்லது செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலோ டிராக் டே நடக்கும்போது செய்யுங்கள். ரோட்டில் வேண்டாம். கம்பெனி விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இதையும் தெரிந்துகொண்டே ட்யூனரிடம் போங்கள்.